நகராத மேசை

எங்கள் வீட்டு மடக்கு மேசை, நான் இன்னும் காலடி வைக்காத வீடுகளுக்கெல்லாம் போய் வந்திருந்தது. உக்குவளையில் எங்கள் தெருவில் யாருக்குப் பிறந்தநாள், எந்தப் பிள்ளைக்கு நற்கருணை வாங்கும் முதல் நன்மை, எந்த வீட்டில் மாதப் பூசைக்குப் பிறகு சாப்பாடு என்பதெல்லாம் அந்த மேசை வீட்டில் இல்லாத நாட்களை வைத்தே தெரிந்துகொள்ளலாம். கேட்டு எடுத்துப்போகிற வழக்கம் கிடையாது. பின்வாசல் வழியாக இரண்டு பேர் வருவார்கள். "மேசைய எடுத்துட்டுப் போறோங்க" என்பார்கள். முன்விறாந்தையில் இருக்கும் என் மாமனார் தலையைக்கூடத் திருப்பாமல் "எடுங்க, எடுங்க" என்பார். கோயில் சபையில் நெடுங்காலம் இருந்தவர். யாருக்கும் இல்லை என்று சொல்லிப் பழகாதவர்.

அந்த மேசையில்தான் நான் வேலை செய்தேன்.

மகள் பிறப்பதற்கு முன் பாடசாலையில் சித்திரம் படிப்பித்தேன். அவள் கொஞ்சம் வளரும்வரை வீட்டில் இருப்பதென்று முடிவு செய்தோம். 'செய்தோம்' என்று எழுதுகிறேனே தவிர, அந்த முடிவை யார் எப்போது எடுத்தார்கள் என்பது எனக்கே தெளிவில்லை. வீட்டோடு இருந்த காலத்தில் எனக்கென்று மிஞ்சியது துணியில் அச்சடிப்பது ஒன்றுதான். ரப்பர் தகட்டில் உருவத்தைச் செதுக்கி, உருளையால் சாயம் தடவி, துணியில் வைத்து அழுத்த வேண்டும். ஒரு நிறம் காய்ந்த பிறகு அதன்மேல் சரியாகப் பொருந்தும்படி அடுத்த நிறம். முதல் நிறத்துக்கும் கடைசி நிறத்துக்கும் இடையில் துணி விரல் நுனியளவுகூட அசையக்கூடாது. அசைந்தால் பறவையின் கண் பறவைக்கு வெளியே போய்விடும்.

அப்படி எத்தனையோ பறவைகளுக்குக் கண் வெளியே போயிருக்கிறது. மேசையை எடுக்க வந்தவர்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை. "டீச்சர், இத எங்க வைக்க?" என்று பக்குவமாகத்தான் கேட்பார்கள். ஊசி குத்திப் பரப்பிய துணியை நானே கழற்றிச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் வைப்பேன். "பரவாயில்லங்க, கொண்டு போங்க" என்று சிரிப்பும் சேர்த்துச் சொல்வேன்.

ஒரு முதல் நன்மை விருந்துக்குப் போய்விட்டு மேசை திரும்பி வந்தபோது அதன் நடுவில் பெரிய வட்டமாகக் கொப்புளித்திருந்தது. அடுப்பிலிருந்து இறக்கிய சோற்றுச் சட்டியை அப்படியே வைத்துவிட்டார்கள். மேலே ஒட்டியிருந்த பார்மிக்கா தகடு பலகையை விட்டு எழும்பிவிட்டது. கையால் அமுக்கினால் உள்ளே போய், கையை எடுத்தால் மறுபடி எழும்பியது. மகளுக்கு அது பெரிய விளையாட்டு. அமுக்குவதும் சிரிப்பதுமாக நின்றாள். நான் அவள் பக்கத்தில் நின்று, இனி இந்த வீட்டில் நான் வேலை செய்யும் இடத்தை யாராலும் தூக்கிக்கொண்டு போக முடியக்கூடாது என்று நினைத்தேன். நினைத்த உடனே, அப்படி நினைப்பது சுயநலமோ என்றும் நினைத்தேன். எனக்கு இரண்டும் சேர்ந்துதான் வரும்.

வீட்டின் பின்னால் மாமனார் மிளகு மூட்டை அடுக்கும் சிறிய அறை ஒன்று இருந்தது. வடக்குப் பக்க ஜன்னல், நல்ல வெளிச்சம். அதில் ஒரு நிலையான மேசை. இவ்வளவுதான் என் திட்டம். எதனால் செய்வது என்பதில்தான் மாட்டிக்கொண்டேன்.

மாத்தளையில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மகளைத் தூக்கிக்கொண்டு போனேன். கல், தரைஓடு, பலகை எல்லாம் பார்க்க வேண்டும் என்றதும் கடைக்காரர் கேட்டார்:

"பென்ட்ரிக்கா மிஸ்?"

"இல்ல, அச்சடிக்க."

"பேனரா?"

"துணியில. படம்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப பென்ட்ரிக்கு போடுறதையே போட்டுக்கங்க" என்றார். ஒரு வீட்டுப் பெண் மேசைப்பரப்பைப் பற்றி விசாரித்தால் அது சமையலறைக்குத்தான் என்பது ஊரில் எல்லாருக்கும் முடிந்துபோன விசயம். நான் மறுத்துப் பேசவில்லை. உடைந்த துண்டுகளாக வகைக்கொன்று தாருங்கள் என்று கேட்டு வாங்கினேன். கிரனைட் ஒரு துண்டு, தரைஓடு ஒரு துண்டு, பார்மிக்கா ஒட்டிய பலகை ஒன்று. மடியில் தூங்கும் பிள்ளையும் காலடியில் கல்லும் ஓடுமாக பஸ்ஸில் வந்து இறங்கினேன்.

பலா மரத்துண்டு ஒன்று வீட்டிலேயே கிடந்தது. பின்படியில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, படியின் சீமெந்தையும் ஒரு போட்டியாளராகச் சேர்த்துக்கொண்டேன். ஒவ்வொன்றிலும் சாயம் ஊற்றினேன், மஞ்சள் குழைத்துப் பூசினேன், மண்ணெண்ணெய் தடவினேன், சூடான தோசைக்கல்லை வைத்து எடுத்தேன். மாமனார் கொல்லைப்புறம் போகிறவர் நின்று பார்த்தார்.

"என்ன மகள், கல்லுக்கெல்லாம் மஞ்சள் பூசிட்டீங்க? அம்மன் கோயில் கட்டப்போறீங்களா? ஃபாதர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுக் கட்டுங்க."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குள் மூட்டை அறையைக் கேட்டுவிடலாமா என்று யோசித்து, கேட்காமல் விட்டேன்.

மறுநாள் கழுவிப் பார்த்தேன். பலா மரம் ஊறி உப்பியிருந்தது. பார்மிக்கா மறுபடியும் கொப்புளித்தது. தரைஓட்டில் ஒரு கறையும் இல்லை. ஆனால் ஓட்டுக்கு ஓடு இடைவெளி வரும். மெல்லிய துணியை விரித்து அழுத்தினால் அந்தக் கோடுகளும் சேர்ந்து அச்சாகும். கண்ணாடி என்ற யோசனையை, மகள் கரண்டியால் தட்டாத பொருள் வீட்டில் இல்லை என்பதால் கைவிட்டிருந்தேன். கிரனைட் எல்லாவற்றையும் தாங்கியது. சீமெந்துதான் அதிகம் கறைபட்டது. மஞ்சளையும் சாயத்தையும் குடித்துவிட்டு அப்படியே நின்றது.

அன்று இரவுச் சாப்பாட்டில் விசயத்தை எடுத்தேன். நாத்தனாரும் இருந்தார். கணவரின் அக்கா, பக்கத்து வீடு. அண்மையில்தான் அவர் வீட்டில் கிரனைட் போட்டு பென்ட்ரி கட்டியிருந்தார்கள்.

"எங்க பென்ட்ரில மிஞ்சின கல்லு சும்மாதான் கெடக்கு" என்றார். "எடுத்துக்க. ரெண்டு இரும்புக்கால் செஞ்சு மேல வச்சிரு. ஒரு நல்லது கெட்டதுக்கு தேவைப்பட்டா கழட்டி எடுக்கிற மாதிரி இருக்கட்டும்."

நல்ல மனதோடுதான் சொன்னார். நன்றி சொல்லி வாங்கியிருக்க வேண்டும். என் வாயில் வந்தது வேறு.

"கழட்டி எடுக்க ஏலாத மாதிரிதான் அண்ணி வைக்கப்போறேன். கொன்கிரீட்ல."

மாமனாரின் கை சோற்றில் நின்றது. கணவர் என்னைப் பார்த்தார்.

"கொன்கிரீட்டா? பிறகு அந்த ரூமையே வேற ஒன்னுக்கும் எடுக்க முடியாதே."

"அதுக்குத்தாங்க."

"நேத்து முழுக்க சோதிச்சியே, சீமெந்துதானே ஆகக் கூட ஊத்தையாகுதுன்னு சொன்ன?"

"கறை படிஞ்சா பரவாயில்ல. மேசை நடக்காம இருந்தா போதும்."

நாத்தனார் சிரித்துவிட்டார். "மேசை எங்கடி நடக்குது?"

"நம்ம வீட்டு மேசை நடந்த அளவுக்கு நான்கூட நடந்ததில்ல அண்ணி."

யாரும் கோபப்படவில்லை. அதனால்தான் எனக்குப் பதற்றம் கூடியது. கோபப்பட்டிருந்தால் வழக்கம்போல் விட்டுக்கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். கணவர் கையைக் கழுவிக்கொண்டே "செய்யிறதுன்னா செய்" என்றார். அது சம்மதமா சலிப்பா என்று ஆராய்வதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். மாமனார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், மிளகு மூட்டையை எங்கே வைப்பது என்று. அதற்குப் பதில் தயாராக வைத்திருந்தேன். நடையில் பலகை அடித்து ஈரம் படாமல் இடம் ஒழுங்குபடுத்தித் தருவேன் என்றேன். அடித்தும் கொடுத்தேன்.

கொத்து வேலைக்கு மேசன் பாஸைப் பிடிப்பது அடுத்த பாடு. எங்கள் பக்கத்தில் சீமெந்தை மினுமினுப்பாகத் தேய்த்து முடிப்பதில் பேர்போனவர் ஒருவர் இருந்தார். அவருடைய முக்கிய வேலை சேமக்காலையில். ஊரில் பாதிக் கல்லறைகள் அவர் கைவேலை. கல்லறைத் திருநாளுக்கு முன்னால் அவரைக் கண்ணால் காணவும் முடியாது. அது முடிந்து ஆள் ஓய்ந்த பிறகு வந்தார். கல் கட்டி, பலகை அடித்து, கம்பி போட்டு, கொன்கிரீட் கொட்டினார். பிள்ளையின் நெற்றி உயரத்துக்கு வரும் விளிம்பை உருட்டி விடச் சொன்னேன். ஒரு கூர்முனையும் இருக்கக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"வெளங்குது டீச்சர், வெளங்குது" என்றார். பிறகு, "முன்னுக்கு ஒரு பூ டிசைன் போட்டு விடவா? ரெண்டு பக்கமும் கொடி மாதிரி. நல்லா இருக்கும்."

"பூ வேணாம் பாஸ்."

"சும்மா போடுறேங்க, அதுக்கு ஒன்னும் இல்ல."

"வேணவே வேணாம்."

மனமில்லாமல் விட்டார். ஆனால் மேற்பரப்பை அவர் தேய்த்த அழகைச் சொல்ல வேண்டும். ஜன்னல் முழுவதும் அதில் தெரிந்தது.

நாத்தனார் வந்து பார்த்தார். கதவருகில் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "தலமாட்டுல ஒரு சிலுவையும் பேரும் வச்சா சரி. செபம் சொல்லிட்டுப் போயிரலாம்" என்றார்.

"பேர் வைக்கிறதா இருந்தா என் பேர வைங்க அண்ணி. என் மேசைதானே."

சொல்லிவிட்டேன். 'என் மேசை' என்று அந்த வீட்டில் நான் உரத்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. திருமணமாகி வந்த வீட்டில் ஒரு பொருளை அப்படிச் சொல்லலாமா என்று அன்று பின்னேரம் முழுவதும் துணி மடித்துக்கொண்டே யோசித்தேன்.

புதிய கொன்கிரீட் காய்ந்துவிடாமல் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றிவரச் சின்ன வரம்பு கட்டித் தண்ணீரைத் தேக்கி வைக்கச் சொல்லியிருந்தார் பாஸ். வீட்டுக்குள் தேங்கிய தண்ணீர் என்றதும் எனக்கு டெங்குதான் நினைவுக்கு வந்தது. பூச்சாடித் தட்டையே நாளுக்கு இரண்டு முறை கவிழ்க்கிறவள் நான். வரம்பு கட்டாமல் ஈரச்சாக்கு விரிப்பது என்று முடிவு செய்து, முதலில் ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக மேலே ஊற்றினேன்.

தண்ணீர் நிற்கவில்லை. பின்சுவரிலிருந்து முன்பக்கமாக அமைதியாக ஓடி வந்து, நான் கேட்டு உருட்டிய விளிம்பில் வழிந்து என் காலில் விழுந்தது. இன்னொரு வாளி ஊற்றினேன். அதுவும் அதே வழியில் வந்தது. சாய உருளையை எடுத்து வைத்தேன். தானாக உருண்டு வந்து என் கையில் விழுந்தது.

பாஸை வரவழைத்தோம். வந்தவர் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, முகத்தில் பெருமையோடு நிமிர்ந்தார்.

"அச்சாவா வாட்டம் குடுத்திருக்கேன் டீச்சர். தண்ணி ஒரு சொட்டு நிக்காது."

"மேசைக்கு எதுக்குங்க வாட்டம்?"

"மழத்தண்ணி நின்னா பாசி புடிச்சிருமே. நான் போட்ட எதுலயும் தண்ணி நின்னது கெடையாது. சேமக்காலைக்குப் போய்ப் பாருங்க."

 கணவருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. மாமனார் முகத்தைத் துண்டால் துடைப்பதுபோல் மறைத்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த நாத்தனார் "அம்மாடி" என்று வாயைப் பொத்தினார். மனிதர் வாழ்நாள் முழுக்கச் செய்ததைத்தான் செய்திருந்தார். மேலே தண்ணீர் நிற்காமல் ஓடும்படி, நல்ல நேர்த்தியாக, கூரைக்குக் கீழே.

"இது மழையில கெடக்கப்போறதில்ல பாஸ்" என்றேன். "இதுக்குள்ள யாரும் படுக்கப்போறதும் இல்ல."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தலையைச் சொறிந்தார். "பழக்கம் டீச்சர். கை அப்பிடியே போயிருது."

சிரிப்பு ஓய்ந்ததும் நான் எதிர்பார்த்த பேச்சு தொடங்கியது. "சின்ன வாட்டந்தானே, கொஞ்ச நாள்ல பழகிரும்" என்றார் கணவர். நாத்தனார் உள்ளே வந்துவிட்டார். "இதுதான் சாட்டு. உடச்சு எடுத்துரு. எங்க கல்லு இன்னும் கெடக்கு" என்றார். பாஸ்கூட "கீழ ஒரு கட்டை குடுத்தா பொருள் உருளாது" என்று தன் பங்குக்குச் சொன்னார். எல்லாருடைய குரலிலும் கனிவு இருந்தது. மட்டமாக வேண்டும் என்று நான் தெளிவாகச் சொன்னேனா? விளிம்பைப் பற்றித்தான் அத்தனை தடவை சொன்னேன். மேசை என்றால் மட்டமாகத்தான் இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அப்படியானால் பிழை என்னுடையதும்தானோ? 'பரவாயில்லங்க' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மகள் வழிந்த தண்ணீரில் நின்று காலால் தட்டிக்கொண்டிருந்தாள்.

"பழகாது" என்றேன். "நான் பழகவும் மாட்டேன். உடைக்கவும் விடமாட்டேன். பாஸ், இது இன்னும் முழுக்க இறுகல்ல. மேல கொத்தி விட்டு, மட்டமா இன்னொரு பூச்சு போடுங்க. இன்னைக்கே. நான் பக்கத்துல நிக்கிறேன்."

"இன்னைக்கா?"

"சாப்பிட்டுட்டு ஆரம்பிங்க. சோறு இருக்கு."

கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "ஏங்க, பிள்ளையக் கொஞ்சம் வச்சிருங்க" என்று மகளை அவர் கையில் கொடுத்தேன். தண்ணீரும் சேறுமாக இருந்தவளை அவர் வெள்ளைச் சட்டையோடு வாங்கிக்கொண்டார்.

பின்னேரம் முழுவதும் நின்றேன். பாஸ் கொத்தினார், கழுவினார், பூச்சைப் பரப்பினார். ஒவ்வொரு மூலையிலும் ரசமட்டத்தை வைக்கச் சொல்லி, அதன் நடுவில் குமிழி நிற்பதை நானே குனிந்து பார்த்தேன். ஓரிடத்தில் அவர் கை தன்னையறியாமல் முன்பக்கமாக இழுத்தது. "பாஸ்" என்றேன். "ஆமா, ஆமா" என்று திருப்பினார். அதிகம் கெடுபிடி பண்ணுகிறேனோ என்று ஒவ்வொரு முறையும் தோன்றியது. ஒவ்வொரு முறையும் சொன்னேன்.

இறுகிய பிறகு மாமனார் அறைக்குள் வந்தார். மூட்டை போன நாளிலிருந்து அவர் அந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பிடி மிளகை எடுத்து மேசையின் நடுவில் உதறினார். மிளகு சிதறிக் கொஞ்ச தூரம் ஓடி, அங்கங்கே நின்றது. ஒன்றுகூட முன்பக்கம் உருண்டு வரவில்லை. அவர் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார்.  எனக்கு அது போதும்.

தரைக்குப் பூசும் மெழுகை மூன்று நான்கு தடவை தேய்த்தேன். அப்படியும் சாயம் படிந்தது, சோதனையில் கண்டதுபோலவே. முதல் வாரத்திலேயே நீலத்தில் ஒரு பெரிய தீவு. நான் துடைத்துக்கொண்டிருக்கவில்லை. ஒரு பக்கம் பழைய கம்பளியை விரித்துத் துணியைப் பரப்பினேன். மறுபக்கம் வெறும் சீமெந்தில் சாயம் குழைத்தேன். முழங்கையை ஊன்றி முழுப் பலத்தோடு அழுத்தினாலும் மேசையில் சிறு அசைவும் இல்லை. அதுவரை நான் பாதிப் பலத்தில்தான் அழுத்தி வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

மடக்கு மேசை இதற்குள் இன்னொரு விருந்துக்குப் போய்க் கால் முறிந்து திரும்பியிருந்தது. கோயில் திருநாள் வந்தது. கொடியேற்றத்துக்கு முந்திய நாள் நான் மூன்றாவது நிறத்தில் இருந்தேன். மரங்கொத்திகள் வரிசையாக, இனிக் கொண்டையில் சிவப்பு மட்டும் பாக்கி. பின்வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கோயில் ஆட்கள் இரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே வந்தார்கள்.

"டீச்சர், மேசைய எடுத்துட்டுப் போறோங்க."

முன்விறாந்தையிலிருந்து "எடுங்க, எடுங்க" என்று மாமனாரின் குரல் கேட்டது. வேண்டுமென்றே சொன்னாரா, பழக்கத்தில் சொன்னாரா, இன்றுவரை நான் கேட்கவில்லை.

நான் அச்சிலிருந்து கையை எடுக்கவில்லை. "இந்தா இருக்கு" என்றேன். "முடிஞ்சா தூக்கிட்டுப் போங்க."

ஒருவர் பழகிய கையோடு விளிம்பைப் பிடித்து ஒரு தரம் இழுத்தே விட்டார். பிறகு குனிந்து கீழே பார்த்தார். கட்டியிருந்த கல்லைக் கையால் தட்டினார்.

"என்னங்க இது, கல்லற மாதிரி?"

"மேசைதாங்க. இது வெளிய போகாது."

"அப்ப மத்த மேசை?"

"அது ஒடைஞ்சுபோச்சு. கோயிலுக்கு ஒன்னு வாங்கச் சொல்லிச் சபையில சொல்லுங்க. உக்கார கதிரை வேணும்னா மூனு இருக்கு, எடுத்துக்கங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கோயில் காரியத்துக்கு இல்லை என்று சொன்ன வீடு என்று நாளைக்கே தெரு முழுக்கப் பேச்சாகும். மாமனாரின் காதுக்கும் வரும்.  ஏதாவது சமாதானமாகச் சொல்லலாமா என்று வாய் திறந்தேன். என் உள்ளங்கைக்குக் கீழே ரப்பரில் சிவப்பு ஈரம் இருந்தது. இப்போது கையை எடுத்தால் கொண்டை பாதிதான் விழும்.

வாயை மூடிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். அவர்கள் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு போகும் சத்தம் நடைவழியாகப் போய் ஆட்டோவில் முடிந்தது. அச்சைத் தூக்கிப் பார்த்தேன். கொண்டை தலையில் இருந்தது.